பழைய உலோக ஸ்னேர் டிரம்: முதன்முறை வாங்குவோருக்கு

சமையலறையில் ஒரு பித்தளைச் செம்பும் ஏறக்குறைய அதே அளவில் ஓர் அலுமினியப் பாத்திரமும் இருந்தால், இரண்டையும் விளிம்பில் லேசாகப் பிடித்து விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். செம்பு ‘ணங்’ என்று நீளமாக இழுக்கும். அலுமினியம் ‘டங்’ என்று சொல்லிச் சீக்கிரம் அடங்கிவிடும். பழைய உலோக ஸ்னேர் டிரம்களைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் பேசும் பேச்சில் பாதி இந்த இரண்டு ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியதுதான். பித்தளை ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.5 கிராம் கனக்கும், அலுமினியம் 2.7 கிராம்தான். ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே தோல் என்றாலும் இரண்டு டிரம்களும் ஒன்றுபோலப் பேசாது.

நான் சிகாகோவுக்குப் பக்கத்தில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே தமிழ்ச் சங்க விழாக்களில் மெல்லிசை வாசிக்கும் குழுவில் டிரம்ஸ் எனக்கு. நான் வாசிக்கும் கருவிகளில் பல இதே ஊரில் செய்யப்பட்டவை என்று தெரிந்தபின்தான் பழைய உலோக ஸ்னேர்களின் மேல் ஆசை வந்தது. இப்போது யாராவது தம்பியோ தங்கையோ வந்து “அண்ணா, ஒரு விண்டேஜ் ஸ்னேர் வாங்கணும், எதைப் பார்க்கணும்?” என்று கேட்டால் நான் சொல்வதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம். சினிமாப் பாட்டில் தாளத்தின் இரண்டாவது, நான்காவது தட்டில் ‘டப்’ என்று வெடிப்பாக விழுகிறதே, அது ஸ்னேர். ஊர் பேண்ட் செட்டில் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் உருட்டும் சைடு டிரம் இதற்கு நெருங்கிய உறவு. டிரம் செட்டில் இருக்கும் ஸ்னேர் பெரும்பாலும் 14 அங்குல விட்டம். உயரம் 5 அங்குலம் அல்லது 6½ அங்குலம். நடுவில் இருக்கும் உருளைதான் ஷெல். மேலே அடி வாங்கும் தோல், அதாவது ஹெட்; கீழே அதைவிட மிக மெல்லிய ஹெட். கீழ் ஹெட்டை ஒட்டிப் பதினைந்து இருபது சுருள் கம்பிகள் கிடக்கும். மேலே அடித்தால் உள்ளே இருக்கும் காற்று கீழ் ஹெட்டைத் தள்ள, அது கம்பிகளில் மோதி ‘சர்’ என்ற ஒலி எழும்புகிறது. கம்பிகளை இறுக்கவும் விடுவிக்கவும் பக்கவாட்டில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதன் பெயர் ஸ்ட்ரெய்னர். ஹெட்டை ஷெல்லோடு பிடித்து வைக்கும் வளையம் ஹூப். ஹூப்பின் துளை வழியாக இறங்கும் திருகு டென்ஷன் ராடு. அந்தத் திருகு போய் உட்காரும், ஷெல்லில் பொருத்திய உலோகக் கூடு லக். இவ்வளவு பெயர் தெரிந்தால் போதும், எந்த விற்பனையாளரோடும் பேசலாம்.

இதில் மாற்ற முடியாதது ஒன்றே ஒன்று: ஷெல். ஹெட்டை மாற்றலாம், கம்பியை மாற்றலாம், திருகு வாங்கலாம், ஹூப் வாங்கலாம், லக் தேடிப் பிடிக்கலாம், ஸ்ட்ரெய்னரைக்கூட மாற்றலாம். ஷெல் வளைந்துவிட்டாலோ, கண்ட இடத்தில் துளை போட்டுவிட்டாலோ கதை முடிந்தது. அதனால் பணத்தை எடுக்கும் முன் ஷெல்லைப் பாருங்கள். பளபளப்பு, பேட்ஜ் என்ற பெயர்த் தகடு, பெட்டி, விற்பவர் சொல்லும் கதை எல்லாம் அதற்கு அப்புறம்.

லட்விக் என்ற பெயரை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்

பழைய உலோக ஸ்னேர் என்றால் பேச்சு லட்விக்கில்தான் போய் நிற்கும். வில்லியம் எஃப். லட்விக்கும் அவர் தம்பி தியோபால்டும் 1909-இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம் அது. வேகமாக வாசிக்க உதவும் பேஸ் டிரம் பெடல்தான் அவர்களுடைய முதல் பெரிய வெற்றி. 1920-களில் பித்தளை ஷெல் ஸ்னேர்களைச் செய்தார்கள். அப்போதைய ஷெல் இரண்டு பாதிகளாகச் செய்து நடுவில் சேர்க்கப்பட்டது. அந்தச் சேர்ப்பு நடுவில் மேடான ஒரு வரியாகத் தெரியும்.

1929, 1930-இல் காற்றிசைக் கருவிகள் செய்துகொண்டிருந்த கான் என்ற பெரிய நிறுவனம் லீடி என்ற இன்னொரு டிரம் நிறுவனத்தையும் லட்விக்கையும் வாங்கி இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட்டுக்குக் கொண்டுபோனது. சில ஆண்டுகளில் வில்லியம் லட்விக் அங்கிருந்து வெளியேறி, 1937-இல் சிகாகோவில் மறுபடி தொழில் தொடங்கினார். தன் சொந்தப் பெயரையே அவரால் போட முடியவில்லை, ஏனென்றால் அது கானிடம் இருந்தது. அதனால் தன் பெயரின் முதல் எழுத்துகளை வைத்து டபிள்யூ.எஃப்.எல். என்று போட்டார். 1955-இல் லட்விக் என்ற பெயரைத் திரும்ப வாங்கினார். வாங்குகிறவருக்கு இந்தக் கதை நேரடியாகப் பயன்படும்: 1940-களின் டிரம்மில் ‘டபிள்யூ.எஃப்.எல்.’ என்று இருந்தால் அது வேறு யாரோ அல்ல, லட்விக் குடும்பத்துத் தயாரிப்புதான். 1950-களின் தொடக்கத்தில் ‘லீடி அண்ட் லட்விக்’ என்று இருந்தால் அது கானின் தயாரிப்பு.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் உலோகம் ஆயுதங்களுக்குப் போனது. இசைக் கருவிகளில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உலோகம் இருக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. லக்குகளைக்கூட மரத்தில் செய்தார்கள். அதனால் யாராவது “இது 1943-இல் செய்த பித்தளை டிரம்” என்று சொன்னால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் வாசித்தது. ரிங்கோ ஸ்டாரின் பேஸ் டிரம்மின் முன் தோலில் லட்விக் என்ற பெயர் பெரிதாக இருந்தது. அன்று அவர் வாசித்த ஸ்னேர் மர ஷெல் கொண்டது. ஆனாலும் நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் லட்விக் வேண்டியதாயிற்று. டேமன் அவென்யூவில் இருந்த தொழிற்சாலை இரவும் பகலும் ஓடியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1960-களிலும் 1970-களிலும் வந்த லட்விக் உலோக ஸ்னேர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். இன்றும் அமெரிக்க வீடுகளின் அடித்தளத்திலும் பரணிலும் அவை கிடக்கின்றன. ‘மிக அரிது’ என்று யாராவது விளம்பரம் போட்டால் அவசரப்படாதீர்கள். ஒன்று கைநழுவினால் அடுத்த மாதம் இன்னொன்று வரும்.

சுப்ராஃபோனிக்கும் அக்ரோலைட்டும்

இந்தக் கட்டுரையில் வேறு எதையும் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

லட்விக் சுப்ராஃபோனிக் 5 அங்குல உயரத்தில் எல்.எம். 400, 6½ அங்குலத்தில் எல்.எம். 402. பத்து லக்குகள், பளபளக்கும் குரோம், நடுவில் மேடான ஒரு வரி. லெட் செப்பலின் குழுவின் ஜான் போனம் வாசித்தது 402. ஒலிப்பதிவுக் கூடங்களில் 400-ஐப் போல அதிகம் வாசிக்கப்பட்ட ஸ்னேர் வேறு கிடையாது என்றே வாசிப்பவர்கள் சொல்வார்கள். மெதுவாக வாசித்தாலும் பேசும், ஓங்கி அடித்தாலும் உடையாது. அதுதான் அதன் குணம்.

1960-களின் தொடக்கத்தில் இதன் ஷெல் குரோம் பூசிய பித்தளை. 1963 வாக்கில் அலுமினியக் கலவைக்கு மாறினார்கள். அதற்கு லுடலாய் என்று பெயர் வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அதே குரோம்தான். கையில் தூக்கினால் தெரிந்துவிடும்: பித்தளை கனக்கும். எண்ணிக்கையில் குறைவு என்பதால் பித்தளை ஷெல் உள்ளதற்குச் சேகரிப்பாளர்கள் அதிக விலை தருவார்கள். சந்தேகமாக இருந்தால் உள்ளே லக்கின் திருகுத் துளை ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். பூச்சு விட்டுப்போன விளிம்பில் மஞ்சள் நிறம் தெரிந்தால் பித்தளை. வெள்ளியாகவே இருந்தால் அலுமினியம்.

இங்கே ஒரு சிக்கல். குரோம் அலுமினியத்தின்மேல் எளிதில் ஒட்டாது. நாள் போகப் போக, ஈரப்பதம் பட்டுப் பட்டு, ஷெல்லில் ஊசிக் குத்துபோலப் புள்ளிகள் வரும். புள்ளி பெருகிக் கொப்புளமாகும். கொப்புளம் உடைந்து குரோம் செதிலாக உரியும். அறுபது ஆண்டுப் பழைய சுப்ராஃபோனிக்கில் இந்தப் புள்ளிகள் இல்லாதது மிகக் குறைவு. கண்ணுக்கு அழகில்லை, விலையும் இறங்கும். ஒலிக்கு? ஒன்றும் ஆகாது. நீங்கள் வாசிக்க வாங்குகிறவர் என்றால் புள்ளி விழுந்த டிரம்தான் உங்களுக்கு நல்ல பேரம். கண்ணாடி அலமாரியில் வைக்க வாங்குகிறவர் அதை ஒதுக்கிவிடுவார், உங்களுக்கு அது குறைந்த விலைக்குக் கிடைக்கும். உரிந்த ஓரங்கள் கூர்மையாக இருக்கும், துடைக்கும்போது மட்டும் விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அக்ரோலைட். சுப்ராஃபோனிக்கைப் போன்ற அதே அலுமினிய ஷெல். ஆனால் குரோம் கிடையாது. மேலே மங்கலான சாம்பல் நிறம். பத்துக்குப் பதிலாக எட்டு லக். பள்ளி மாணவர்களுக்காக 1960-களில் கொண்டுவந்த மலிவு மாதிரி இது. பெட்டி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்துப் பள்ளி பேண்ட் பிள்ளைகளுக்கு விற்றார்கள். பிள்ளை இரண்டு வருடம் வாசித்தான், பிறகு விட்டுவிட்டான். பெட்டி பரணுக்குப் போனது. இப்படித்தான் இன்று பாதிக்கு மேல் அக்ரோலைட்டுகள் கிடைக்கின்றன. அதிகம் அடிபடாமல், வெயில் படாமல், பெட்டியோடு.

குரோம் இல்லாததால் உரிவதற்கு ஒன்றும் இல்லை. அன்று காசை மிச்சம் பிடிக்க விட்ட பூச்சு, இன்று அந்த டிரம்மைக் காப்பாற்றியிருக்கிறது. அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்வேதி முறையில் கெட்டியாக்கியிருப்பதால் அறுபது ஆண்டுக்குப் பிறகும் பெரும்பாலானவை சீராக இருக்கின்றன. ஒலியும் சுப்ராஃபோனிக்குக்குக் கிட்டத்தட்ட அதேதான். கொஞ்சம் வறண்டு, சீக்கிரம் அடங்கும். மைக் வைத்து வாசிக்கிற சின்ன அரங்கில் எனக்கு அதுதான் பிடிக்கும். முதன்முறை வாங்குகிறவர் யார் கேட்டாலும் என் பதில் இதுவே: அக்ரோலைட் வாங்குங்கள். சேமித்த பணத்தில் நல்ல ஹெட்டும் கம்பியும் போடுங்கள்.

என் முதல் அக்ரோலைட் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக் கராஜ் விற்பனையில் கிடைத்தது. பழைய சூட்கேஸ்களுக்கு இடையில் வட்டமான கறுப்புப் பெட்டி ஒன்று. வீட்டுக்கார அம்மா, “என் மகன் பள்ளியில் வாசித்தது, அவனுக்கு இப்போது பேரப்பிள்ளையே இருக்கிறான்” என்றார். பெட்டிக்குள் டிரம், ராடுகளைத் திருப்பும் டிரம் சாவி, ஒரு ஜோடி குச்சி, ரப்பர் பயிற்சிப் பலகை. ஹெட் மட்டும் மஞ்சளாகிவிட்டது. அன்று மாலை புது ஹெட் போட்டு அடித்தபோது என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இது என்ன, புதுசா?” என்று கேட்டாள்.

பிளாக் பியூட்டி

இதைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1920-களில் லட்விக் பித்தளை ஷெல்லின்மேல் கறுப்பு நிக்கல் பூசி, அந்தக் கறுப்பைச் சுரண்டிப் பூவும் கொடியும் செதுக்கினார்கள். சுரண்டிய இடத்தில் அடியில் உள்ள பித்தளை பொன்னாக ஒளிரும். கோயில் கதவில் கறுத்த மரத்துக்கு நடுவே பித்தளைக் குமிழ் மின்னுவது போல. அன்று லட்விக் அட்டவணையில் அதன் பெயர் டீலக்ஸ். பிளாக் பியூட்டி என்று எல்லோரும் அழைத்து அதுவே நிலைத்தது. 1970-களில் லட்விக் இதே பெயரில் புதிதாகவும் செய்யத் தொடங்கியது.

1920-களின் அசல் ஒன்று முதலில் வாங்க வேண்டியது அல்ல. விலை மிக அதிகம், ஏமாற வழியும் அதிகம். சாதாரண நிக்கல் ஷெல்லுக்குப் பின்னாளில் கறுப்பு பூசிச் செதுக்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு புதுப்பித்ததாகவே இருக்கலாம். ஆனால் அசல் விலை கேட்டால் அது சரியல்ல. அசலில் செதுக்கல் கைவேலை, கோடுகளில் ஏற்ற இறக்கம் இருக்கும். கோடுகளுக்குள் நூறு ஆண்டுக் கறை படிந்திருக்கும். பளீரென்று புதுப் பித்தளையாக இருந்தால் கேள்வி கேளுங்கள். உங்கள் கையில் அப்படி ஒன்று வந்தால், குத்துவிளக்கு துலக்கும் பழக்கத்தில் பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கறுப்பு நிக்கல் மிக மெல்லிய பூச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத் தேய்ப்பில் அதன் மதிப்பில் பாதி போய்விடும். உலர்ந்த மென்துணி போதும்.

கையில் எடுத்ததும் என்ன செய்ய வேண்டும்

பார்க்கப் போகும்போது நான்கு பொருள்கள் எடுத்துச் செல்லுங்கள்: டிரம் சாவி, சிறிய காந்தம், கைப்பேசியின் டார்ச், புது 14 அங்குல ஹெட் ஒன்று.

காந்தத்தை ஷெல்லில் வையுங்கள். ஒட்டினால் எஃகு. பித்தளையிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. 1960-களில் ஜப்பானிலிருந்து பல பெயர்களில் வந்த மலிவு எஃகு ஸ்னேர்கள் தூரத்திலிருந்து பார்த்தால் லட்விக்கைப் போலவே இருக்கும். அவற்றிலும் வாசிக்கலாம், சில நன்றாகவே பேசும். சுப்ராஃபோனிக் விலைக்கு வாங்கிவிடக்கூடாது, அவ்வளவுதான். ஹூப்பில் காந்தம் ஒட்டினால் கவலைப்பட வேண்டாம், பெரும்பாலான ஹூப்புகள் எஃகுதான்.

பிறகு, “மேல் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். நேர்மையாக விற்பவர் யாரும் மறுக்கமாட்டார். உள்ளே டார்ச் அடித்துத் துளைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு லக்குக்கும் இரண்டு திருகுத் துளை. ஸ்ட்ரெய்னருக்கும், அதற்கு நேர் எதிரே கம்பியைப் பிடிக்கும் தாங்கிக்கும் துளைகள் இருக்கும். பேட்ஜின் நடுவில் காற்றுத் துளை ஒன்று. பல பழைய டிரம்களில் உள்ளே ஒலி அடக்கும் ஃபெல்ட் துண்டு ஒன்று இருக்கும். அதன் குமிழுக்கும் துளை உண்டு. இவற்றைத் தவிர வேறு துளை இருந்தால் யாரோ ஏதோ மாற்றியிருக்கிறார்கள். விலையைக் குறைக்கச் சொல்லும் முதல் காரணம் அதுதான்.

உள்சுவரில் விரலால் ஒரு சுற்று தடவுங்கள். 1960-களின் லட்விக் அலுமினிய ஷெல் ஒரே தகட்டை அழுத்திச் சுழற்றி உருவாக்கியது, செங்குத்தான ஒட்டுக்கோடு இருக்காது. கோடு தட்டுப்பட்டால் அது வேறு தயாரிப்பு.

ஷெல்லின் மேல் விளிம்பு, அதாவது ஹெட் உட்காரும் இடம், நசுங்காமல் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். சமதளமான மேசையில் அல்லது கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து அடியில் டார்ச் அடித்தால் ஒளி எங்கே கசிகிறது என்று தெரியும். கீழ் விளிம்பில் எதிரெதிரே இரண்டு இடங்களில் மட்டும் லேசான பள்ளம் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து ‘நசுங்கியிருக்கிறது’ என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அது சேதமல்ல, கம்பிகள் ஹெட்டோடு ஒட்டிப் படுக்க வேண்டும் என்று வேண்டுமென்றே செய்த பள்ளம். அது இல்லாவிட்டால்தான் கவலை.

வட்டம் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். கொண்டுபோன புது ஹெட்டை மேலே வையுங்கள்: கையால் அழுத்தாமல் தானாக இறங்கி உட்கார்ந்து, விரலால் சுற்றினால் சுழல வேண்டும். ஒரு பக்கம் சிக்கினால் ஷெல் கீழே விழுந்து முட்டை வடிவமாகியிருக்கிறது.

லக்குகள் பெரும்பாலும் வார்ப்புத் துத்தநாகக் கலவை. அதிகமாக இறுக்கினால் விரிசல் விடும். ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் பாருங்கள். ராடு எல்லாவற்றையும் சாவியால் ஒரு சுற்று திருப்பிப் பாருங்கள். ஒன்றாவது கையோடு சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே மரை போயிருக்கிறது. பழைய அமெரிக்க டிரம்களில் திருகு அளவு பெரும்பாலும் 12-24, இன்றும் எங்கும் கிடைக்கும். ஐரோப்பியப் பழைய டிரம்களில் திருகு வேறு அளவு, தேடி அலைய வேண்டியிருக்கும். கடைசியாக ஸ்ட்ரெய்னர்: மேலே தள்ளினால் நிற்க வேண்டும், கீழே தள்ளினால் விட வேண்டும்.

இத்தனையும் பத்து நிமிட வேலை. நான் ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டேன். இணையத்தில் ஒருவர் ‘எல்லாம் அசல்’ என்று போட்டிருந்த சுப்ராஃபோனிக்கைப் படம் பார்த்து வாங்கினேன். படங்கள் அழகாக இருந்தன, எல்லாம் முன்பக்கத்திலிருந்து எடுத்தவை. பெட்டி வந்து பிரித்தால், ஸ்ட்ரெய்னர் வேறு மாதிரியுடையது. அதைக் கழற்றினேன், அடியில் மறைந்து இரண்டு புதுத் துளைகள். ஹெட்டும் ஒரு பக்கம் சிக்கியது. திருப்பி அனுப்ப முடியவில்லை. இப்போது தூரத்திலிருந்து வாங்கினால், ஹெட்டைக் கழற்றி உள்ளே எடுத்த படம், ஸ்ட்ரெய்னர் பக்கம், அதற்கு எதிர்ப்பக்கம், பேட்ஜ் அருகிலிருந்து, கீழ் விளிம்பு, பிறகு மேசையில் கவிழ்த்து வைத்த படம் என்று ஆறு கேட்டு வாங்குகிறேன். ஆறும் வராமல் பணம் அனுப்புவதில்லை.

எந்த ஆண்டில் செய்தது?

இந்தக் கேள்வியில் ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஆர்வம் அதிகம். பேட்ஜைப் பாருங்கள். 1960-களின் லட்விக்கில் வளைவின் நடுக்கல் வடிவில், மேலே அகன்று கீழே குறுகிய பேட்ஜ் இருக்கும். சேகரிப்பவர்கள் கீஸ்டோன் என்பார்கள். 1969 வாக்கிலிருந்து நீலமும் ஆலிவ் பச்சையும் கலந்த பேட்ஜ் வந்தது. அதில் முதலில் முனைகள் கூர்மை, பிற்பாடு உருண்டை. 1981-இல் செல்மர் நிறுவனம் லட்விக்கை வாங்கியது. 1984-இல் தயாரிப்பு வட கரோலினாவில் உள்ள மன்ரோவுக்குப் போனது. பேட்ஜில் சிகாகோ என்ற சொல் இருந்த இடத்துக்கு மன்ரோ வந்தது.

1963-இன் பிற்பகுதியிலிருந்து பேட்ஜில் வரிசை எண் அச்சிட்டார்கள். இணையத்தில் எந்த எண் எந்த ஆண்டு என்று பட்டியல்கள் கிடைக்கும். அவற்றை அப்படியே நம்பாதீர்கள். தொழிற்சாலையில் எண் போட்ட பேட்ஜுகள் தொட்டியில் கிடந்தன. கைக்கு வந்ததை எடுத்து அடித்தார்கள். அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு டிரம்கள் மாதக் கணக்கில் இடைவெளி விட்டுக்கூடச் செய்யப்பட்டிருக்கலாம். ‘1966-67 வாக்கில்’ என்று சொல்பவரை நம்பலாம். ‘1966 மார்ச் 14’ என்று சொல்பவரிடம் அதற்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள்.

லட்விக் தவிர

ஸ்லிங்கர்லேண்டும் சிகாகோ நிறுவனம்தான். 1960-களில் ஜாஸ் டிரம்மர் ஜீன் குருபாவின் பெயரில் அவர்கள் செய்த சவுண்ட் கிங் குரோம் பூசிய பித்தளை ஷெல்; உரக்க, தெளிவாகப் பேசும். பித்தளைமேல் குரோம் நன்றாக ஒட்டும் என்பதால் சுப்ராஃபோனிக்கைப் போலப் புள்ளி விழாது. பித்தளை ஒலி வேண்டும், பிளாக் பியூட்டி விலை கொடுக்க முடியாது என்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஸ்ட்ரெய்னரை மட்டும் நன்றாகச் சோதியுங்கள், அதில் தேய்மானம் அதிகம்.

ராஜர்ஸ் நிறுவனத்தின் டைனா-சோனிக் தனி ரகம். ஓஹியோ மாநிலத்தில் 1960-களின் தொடக்கத்தில் வந்தது. மற்ற ஸ்னேர்களில் கம்பியை இறுக்கினால் அது ஹெட்டையும் சேர்த்து அழுத்தும். டைனா-சோனிக்கில் கம்பிகள் ஓர் உலோகச் சட்டத்துக்குள் தானே இறுகிக்கொள்ளும். சட்டம் முழுவதும் ஹெட்டோடு வந்து ஒட்டும். அதனால் ஹெட் சுதந்திரமாக அதிரும். அந்தச் சட்டம் இல்லாமல் விற்கப்படும் டைனா-சோனிக்கை, சட்டத்தின் விலையைத் தனியே விசாரித்துவிட்டு வாங்குங்கள். அது எளிதில் கிடைக்காது. தொடக்ககால லக்குகளைச் சேகரிப்பவர்கள் ‘பிரெட் அண்ட் பட்டர்’ என்பார்கள், அவை விரிசல் விடுபவை. பிற்பாடு வந்த ‘பீவர்டெயில்’ லக் உறுதியானது.

வாங்கி வந்த பின்

அவசரப்பட்டுப் பளபளப்பாக்க வேண்டாம். முதலில் எல்லாத் திருகுகளையும் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து, மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எஃகு ஹூப்பில் துருப் புள்ளி இருந்தால் அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். இதை ஹூப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்; புள்ளி விழுந்த சுப்ராஃபோனிக் ஷெல்லில் தேய்த்தால் மிச்சமுள்ள குரோமும் உரியும். லக்குகளின் உள்ளே சிறு சுருள்வில் இருக்கும். அது அதிர்ந்து ‘ஞொய்’ என்று சத்தம் கொடுத்தால் சின்னப் பஞ்சு வைத்து அடக்கலாம்.

ஹெட் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். கீழ் ஹெட் ஸ்னேருக்கென்றே செய்த மெல்லியது. மேல் ஹெட்டை அங்கே போட்டால் கம்பி பேசாது. எதிரெதிர் ராடுகளாக, ஒரு சுற்று ஒரு சுற்றாக இறுக்குங்கள். ஒவ்வொரு ராடுக்கு அருகிலும் குச்சி நுனியால் தட்டி எல்லா இடத்திலும் ஒரே சுருதி வரும்வரை பொறுமையாகச் செய்யுங்கள். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருந்தால் இந்தப் பொறுமை புரியும்.

கழற்றிய பழைய பாகம் எதையும் குப்பையில் போடாதீர்கள். தேய்ந்த ஸ்ட்ரெய்னர், வளைந்த ராடு, உள்ளே இருந்த ஃபெல்ட் துண்டு எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டு, எந்த டிரம்முடையது, எப்போது கழற்றியது என்று சீட்டு எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அடுத்து வாங்குகிறவர் ஹெட்டைக் கழற்றித் துளை எண்ணும்போது அந்தப் பை அவருக்குப் பதில் சொல்லும்.